கள்ள வோட் என்று சொல்ல முதல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விடயத்தைத்தான் சுற்றி வருகின்றன. தேர்தல் முடிந்த அன்றிரவே "பெட்டி மாத்திப் போட்டாங்கள்" என்று ஒரு கதை கிளம்புகிறதே, அதைப் பரப்பியவரும் எழுதியிருக்கிறார், அதில் அகப்பட்டவரும் எழுதியிருக்கிறார், இடையில் நின்று செய்தி போட்டு மாட்டிக்கொண்டவரும் எழுதியிருக்கிறார். அதனால் நெல் விலை பற்றிய இரண்டு கேள்வியையும் காணி உறுதி பற்றிய ஒன்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பாடசாலை ஆசிரியை. தேர்தல் கடமை முடிந்து வாக்கெண்ணும் நிலைய வாசலில் பஸ்ஸால் இறங்கும்போது என் கையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. யாரோ அதைப் படம் பிடித்து "வாக்குச்சீட்டு களவு போகுது" என்று முகநூலில் போட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்தது பசை, அரக்கு, மெழுகுதிரி, மிஞ்சிய கடித உறைகள். என் பெயர் இல்லை, முகம் தெளிவாகத் தெரிகிறது. வகுப்பில் பிள்ளைகளே கேட்கிறார்கள். வழக்குப் போடலாமா ஐயா? (ஆசிரியை, முல்லைத்தீவு)

ரீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நானும் பல வருடம் தேர்தல் கடமைக்குப் போனவன், அந்த அட்டைப் பெட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாளே போய் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்து வைத்து எடுக்கவேண்டும், அன்றிரவு பாடசாலை மேசைகளை இழுத்துப் போட்டுப் படுத்து, விடியப்புறம் எழும்பி, காலை 7 மணிக்கு வாசல் திறந்து, நாள் முழுக்க இடாப்பில் கோடு கீறி, வாக்கெடுப்பு முடிந்ததும் முகவர்கள் பார்த்திருக்கப் பெட்டியின் வாயை மூடி முத்திரை வைத்து, விரும்பிய முகவர் தன்னுடைய முத்திரையையும் வைக்க விட்டு, பிறகு பொலிஸ் காவலோடு பஸ் ஏறி வரவேண்டும். இவ்வளவும் செய்த ஒருத்தியைக் கள்ளி என்று சொல்ல ஒரு கைத்தொலைபேசியும் அரை நிமிடமும் போதுமாகிவிட்டது. எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் அவதூறு இப்போது குற்றவியல் குற்றம் இல்லை, தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்தப் பிரிவுகளை 2002 இல் நீக்கிவிட்டார்கள். ஆகவே "பொலிஸில் குடுத்து உள்ளே போடுங்கோ" என்று உங்களுக்கு யாராவது சொன்னால், அவதூறுக்கு மட்டும் அது சரிவராது. உங்களுக்கு இருப்பது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டுப் போடுகிற குடியியல் வழக்கு, ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக நமக்கு வந்தது. அதில் நீங்கள் காட்டவேண்டியது மூன்று விடயம்தான். அந்தப் பதிவை உங்களைத் தவிர வேறு ஆட்களும் பார்த்திருக்கிறார்கள், அது உங்களைத்தான் சொல்கிறது, அதனால் ஊரில் உங்கள் மதிப்புக் குறைந்தது. பெயர் போடாததால் அவர்கள் தப்பிவிட முடியாது, முகத்தைப் பார்த்து அது நீங்கள்தான் என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னாலே போதும், உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரே இருக்கிறார்களே. கெடுக்கவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எழுதினார்கள் என்பதை நீங்கள் தேடிப்பிடிக்கத் தேவையில்லை, எழுத்து அவதூறானது என்று காட்டினால் அந்த எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது மற்றப் பக்கத்தின் வேலை.

இப்போது செய்யவேண்டியது: பதிவை, அதன் கீழே உள்ள கருத்துகளோடு, திகதியும் கணக்கின் பெயரும் இணைப்பும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், இன்றைக்கே எடுங்கள், அவர்கள் அழித்துவிட்டால் பிறகு அலைய வேண்டி வரும். பொருட்களைத் திருப்பிக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு உங்கள் நிலையத்தின் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரிடம் இருக்கும், பிரதி ஒன்று கேட்டு வையுங்கள். பிறகு ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம், அதில் முதலில் பதிவை எடுக்கச் சொல்லியும் அதே பக்கத்தில் மன்னிப்புப் போடச் சொல்லியும் கேளுங்கள், காசு அதற்குப் பிறகு. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் வழக்கைத் தாக்கல் செய்யவேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் போய்க் கதையுங்கள், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும், இந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும். எனக்குத் தெரிந்த பலருக்கு மன்னிப்புத்தான் கிடைத்தது, பெரும்பாலானவர்கள் அதற்கே ஆறுதல் பட்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் தனியாள் இல்லை. அமெரிக்காவில் 2020 ஜனாதிபதித் தேர்தலின்போது ஜோர்ஜியா மாநிலத்தின் அற்லாண்டா நகரில் வாக்கு எண்ணும் கடமையில் இருந்த ஒரு தாயும் மகளும், உங்களைப் போலவே சாதாரணமாகத் தேர்தல் வேலை செய்தவர்கள். மேசைக்குக் கீழிருந்து அவர்கள் எடுத்த வழமையான வாக்குப் பெட்டிகளைக் கண்காணிப்புக் கமராவில் பார்த்துவிட்டு, "சூட்கேசில் கள்ள வாக்கு" என்றார்கள். தாய் மகளுக்கு ஒரு சின்னப் பொருளைக் கொடுத்ததை யூஎஸ்பி என்றார்கள், அது ஒரு இஞ்சி மிட்டாய். நியூயோர்க் நகரின் மேயராக இருந்த ரூடி ஜூலியானி இதை ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். அந்தத் தாய் வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தது, மிரட்டல் தொலைபேசி ஓயவில்லை, வயதான பாட்டியின் வீட்டுக்கே ஆட்கள் போய்க் கதவைத் தள்ளினார்கள். 2023 டிசம்பரில் ஜூரி சபை அவர்கள் இரண்டு பேருக்குமாக 14 கோடியே 80 இலட்சம் டொலர் கொடுக்கச் சொன்னது. அந்தத் தொகையைக் கேட்டதும் ஜூலியானி வங்குரோத்து மனுப் போட்டார், 2025 தொடக்கத்தில்தான் இணக்கத்துக்கு வந்தார்கள். பணத்தை விடுங்கள், அதற்கு முதல் 2022 இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் அந்த மகள் தன் பெயரைச் சொல்லவே பயந்து வாழ்ந்ததைச் சொன்னபோது நாடே கேட்டது. உங்கள் பெயரும் அப்படி மீளவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பேச்சுச் சுதந்திரம் என்று மார்தட்டுகிற அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி பேசியதற்காகக் கோடி கோடியாகக் கட்டியதாம். அப்படியென்றால் அந்தச் சுதந்திரம் என்ன சுதந்திரம்? (தனியார் நிறுவன ஊழியர், வவுனியா)

நீங்கள் சொல்வது ஃபொக்ஸ் நியூஸ் வழக்கு. அப்போது வாக்கு எண்ணும் இயந்திரம் செய்துவந்த டொமினியன் என்ற நிறுவனம் 2021 மார்ச்சில் 160 கோடி டொலர் கேட்டு டெலவெயர் மாநிலத்தில் வழக்குப் போட்டது. டொமினியன் இயந்திரம் ட்ரம்பின் வாக்கைப் பைடனுக்கு மாற்றியது, அந்த நிறுவனம் வெனிசுவேலாவில் ஜனாதிபதியாக இருந்த சாவேஸுக்குத் தேர்தலைக் களவெடுத்துக் கொடுக்க உருவானது, அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுத்தது என்று அந்தத் தொலைக்காட்சியில் விருந்தாளிகளும் நடத்துநர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 ஏப்ரல் 18 ஆம் திகதி, ஜூரி சபை உட்கார்ந்து வாதம் தொடங்க இருந்த அன்றே, 78 கோடியே 75 இலட்சம் டொலருக்கு ஃபொக்ஸ் இணங்கிப் போனது. அதற்கு முன்னரே, அந்த வருட மார்ச் கடைசியில், டொமினியனைப் பற்றி அங்கே சொன்ன எதுவும் உண்மையில்லை என்று நீதிபதி எரிக் டேவிஸ் எழுத்தில் தீர்த்துவிட்டார்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது, கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1960 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் சின்னச் சின்னப் பிழைகள் இருந்தன, கிங்கை 4 தரம் கைது செய்ததை 7 தரம் என்று போட்டிருந்தார்கள், அந்த மாதிரி. அலபாமாவில் பொலிஸுக்குப் பொறுப்பாக இருந்த சலிவன் என்ற நகர ஆணையாளர், தன் பெயரே இல்லாத அந்த விளம்பரத்துக்கு வழக்குப் போட்டு 5 இலட்சம் டொலர் தீர்ப்பும் வாங்கிவிட்டார். அது நின்றிருந்தால் தென் மாநிலங்களில் கறுப்பு மக்கள் அடிவாங்கியதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதத் துணிந்திருக்காது. 1964 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தூக்கி எறிந்தது. பொதுப்பதவியில் இருப்பவர் அவதூறு வழக்கில் வெல்லவேண்டுமென்றால், எழுதியவர் பொய் என்று தெரிந்தே எழுதினார், அல்லது உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதினார் என்று காட்டவேண்டும் என்றது. பிழை விடுகிறவனுக்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அதன் அடிப்படை. எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும், பேசப் பயந்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு அதன் அருமை விளங்கும்.

டொமினியன் வழக்கிலும் இதே அளவுகோல்தான். இவ்வளவு உயரமான வேலியைத் தாண்டி டொமினியன் எப்படி வந்தது? வழக்கில் ஃபொக்ஸின் உள்வீட்டுக் குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. திரையில் வந்த ட்ரம்பின் வழக்கறிஞர் ஒருவரைப் பற்றி, அவர் பொய் சொல்கிறார் என்று பிரபல நடத்துநர்களே தங்களுக்குள் எழுதியிருந்தார்கள். நம்பாமலே ஏன் ஒளிபரப்பினார்கள் என்றால், உண்மையைச் சொன்னால் பார்வையாளர்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். அந்தச் செய்திகள் வெளியே வராவிட்டால் இந்த வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆகவே தம்பி, அவர்கள் கட்டிய காசு பேசியதற்காக இல்லை, பொய் என்று அறிந்துகொண்டே இன்னொருவரின் பெயரை விற்றதற்காக. அதே கதையைச் சொன்ன நியூஸ்மாக்ஸ் என்ற இன்னொரு தொலைக்காட்சியும் 2025 இல் டொமினியனுக்கு 6 கோடியே 70 இலட்சம் டொலர் கட்டியது. ஜோர்ஜியாவில் மாநிலம் முழுக்கச் சுமார் 50 இலட்சம் கடதாசி வாக்குகளைக் கையால் எண்ணிப் பார்த்தும் முடிவு மாறவில்லை என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் எழுதுவதைப் பார்த்தால் தேர்தலில் மோசடியே நடக்காது என்பது போல இருக்கிறது. 81 ஆம் ஆண்டை மறந்துவிட்டீரா? (ஓய்வுபெற்ற தபாலதிபர், மாங்குளம்)

மறக்கவில்லை ஐயா, மறக்கவும் முடியாது. 1981 ஜூனில் யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் வாக்குப் பெட்டிகள் காணாமல் போனதும், அந்தக் கிழமைதான் நூலகம் எரிந்ததும் எங்கள் தலைமுறையின் காயம். 1999 ஜனவரியில் வயம்ப (வடமேல்) மாகாண சபைத் தேர்தலில் முகவர்களை அடித்து விரட்டிவிட்டு வாக்குச்சீட்டைக் கட்டுக்கட்டாகப் போட்டதையும் நாடு பார்த்தது. 2010 ஜனவரியில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த எங்கள் சனம் கொத்தணி வாக்கெடுப்பு நிலையத்துக்கு (சொந்த ஊரில் போட முடியாதவர்களுக்கென ஓரிடத்தில் சேர்த்து வைப்பது) போக பஸ் வரும் வரும் என்று வீதியில் நின்றது, பலருக்குப் பஸ் வரவேயில்லை.

நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிற ஒன்று வன்னியில் நடந்தது. இளம் ஆட்களுக்கு இது தெரியாது. 2001 டிசம்பர் 5 பொதுத் தேர்தல், அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி மக்கள் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்துதான் வாக்குப் போடவேண்டும், அதற்கென்று கொத்தணி நிலையங்களும் வைத்திருந்தார்கள். அன்று காலை இராணுவம் சோதனைச் சாவடியைப் பூட்டிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆட்கள் வாக்காளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று திரும்பிப் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார்கள், 2003 இல் உயர் நீதிமன்றம் அவர்களின் சமத்துவ உரிமையும் கருத்து வெளிப்பாட்டு உரிமையும் மீறப்பட்டன என்று தீர்த்தது. கருத்து வெளிப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1999 இல், மாகாண சபைத் தேர்தலைத் தள்ளிப்போட்டது பற்றிய வழக்கில், வாக்குச்சீட்டில் சத்தமில்லாமல் போடுகிற புள்ளடியும் ஒரு பேச்சுத்தான், அரசியலமைப்பின் 14(1)(அ) அதைக் காக்கிறது என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதியிருந்தார். அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் வன்னிச் சனத்தின் வழக்கு ஏறியது. யுத்த காலத்தில், இராணுவத்துக்கு எதிராக, சாதாரண ஆட்கள் வென்ற வழக்கு ஐயா அது. எத்தனை மணிக்குப் பூட்டினார்கள், எந்தச் சாவடி, யார் உத்தரவு என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

அதனால்தான் "பெட்டி மாறினது" என்று ஆதாரமில்லாமல் கத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் கத்தக் கத்த, நாளைக்கு உண்மையாகவே ஒரு சாவடி பூட்டப்பட்டால், "இவங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று கொழும்பில் சிரிப்பார்கள். உங்களுக்கு முறைப்பாடு இருந்தால் வழி இருக்கிறது. பாராளுமன்றத் தேர்தல் என்றால் முடிவு வர்த்தமானியில் வந்து 21 நாளுக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தேர்தல் மனு, ஜனாதிபதித் தேர்தல் என்றால் உயர் நீதிமன்றம். நாள் குறைவு, ஆகவே அன்றிரவே குறிப்பு எடுக்கவேண்டும்.

நான் ஒரு பிரதேசச் செய்தியாளர். விருப்பு வாக்கு எண்ணி முடிக்க ஏன் இவ்வளவு நேரம் எடுத்தது, அந்த நேரத்தில் யார் யார் நிலையத்துக்குள் போனார்கள் என்று கேட்டுச் செய்தி போட்டேன். யாரையும் கள்ளன் என்று எழுதவில்லை. வென்ற வேட்பாளர் ஒருவர் 10 கோடி ரூபா கேட்டுக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார். வீட்டில் மனைவி அழுகிறாள். (மன்னார்)

முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், கோரிக்கைக் கடிதம் என்பது தீர்ப்பு இல்லை, ஒருவர் தன் சட்டத்தரணிக்குக் காசு கொடுத்து எழுதுவித்த ஒரு தாள். அதில் 10 கோடி போடவும் 100 கோடி போடவும் ஒரே மையைத்தான் பாவிக்கிறார்கள். ஆனால் குப்பைக்குள் போட்டுவிடாதீர்கள். கடிதத்தில் கொடுத்த நாளுக்குள் சட்டத்தரணி மூலம் பதில் போகவேண்டும், பதில் இல்லாமல் இருந்தால் அதையே பிறகு உங்களுக்கு எதிராகப் பேசுவார்கள்.

நீங்கள் எழுதியது என்னவென்று பார்த்தேன், வெட்டி அனுப்பியதற்கு நன்றி. நேரம் தாமதமானது உண்மை, நீங்கள் நிலையத்தில் நின்றிருக்கிறீர்கள், பொறுப்பான அதிகாரியிடம் கேட்டு அவர் சொன்னதையும் போட்டிருக்கிறீர்கள். நமது சட்டத்தில் அவதூறுக்கு எதிரான பெரிய கேடயம், சொன்னது உண்மை, சொன்னதால் பொதுமக்களுக்கு நன்மை, இரண்டும் சேர்ந்து இருக்கவேண்டும் என்பது. அடுத்தது, உண்மைகளை வைத்து நியாயமாகச் சொன்ன கருத்து. உங்களுக்கு இரண்டும் கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். 2020 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் விருப்பு வாக்கு எண்ணும்போது இரவிரவாக முறுகல் நடந்ததே, அந்த நேரம் வாசலில் நின்று செய்தி கொடுத்தவர்கள் இல்லாவிட்டால் ஊர் வதந்தியை மட்டும்தான் நம்பியிருக்கும். விருப்பு வாக்கு எண்ணுவது இயல்பாகவே நேரம் பிடிக்கிற வேலை, வன்னி மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றின் கணக்கும் சேரவேண்டும். அந்த விளக்கத்தையும் உங்கள் செய்தியில் ஒரு பத்தி போட்டிருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்கும், இது ஒரு குறைதான், அடுத்த முறை கவனியுங்கள்.

அரசியல்வாதிகளுக்கு இந்தச் சட்டம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு நாட்டில் கதை இருக்கிறது. 1997 இல் சண்டே ரைம்ஸ் ஆசிரியரையும், 2000 இல் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவையும், ஜனாதிபதி சந்திரிகாவைப் பற்றி வந்த எழுத்துக்காகக் குற்றவியல் அவதூறில் குற்றவாளி என்று தீர்த்தார்கள். பத்திரிகையாளர்கள் போராடித்தான் 2002 இல் அந்தச் சட்டம் போனது. இந்தியாவில் இன்றைக்கும் அது இருக்கிறது, அங்கே 2016 இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஆனால் அதே நீதிமன்றம் 1994 இல், சென்னைத் தமிழ் வார இதழ் ஒன்றின் வழக்கில், அரச அதிகாரி தன் கடமை பற்றிய எழுத்துக்கு நட்டஈடு கேட்கவேண்டுமென்றால் அது பொய் என்றும் உண்மையைப் பற்றிக் கவலையில்லாமல் எழுதப்பட்டது என்றும் காட்டவேண்டும் என்றது. சலிவன் வழக்கின் கருத்து அப்படித்தான் தமிழ்நாட்டுப் பத்திரிகை வழியாக இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முதல் வருடம் பிரித்தானியாவில், ஒரு உள்ளூராட்சிச் சபை அவதூறு வழக்கே போட முடியாது, மக்கள் தெரிவு செய்த சபையை மக்கள் தடையில்லாமல் விமர்சிக்க வேண்டும் என்று தீர்த்தார்கள். இலங்கையில் அந்த அளவுக்குத் தெளிவான விதி இல்லை, இருக்கவேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவேன்.

உங்கள் குறிப்புப் புத்தகத்தையும் ஒலிப்பதிவையும் பத்திரமாக வையுங்கள். வேட்பாளருக்குப் பதில் சொல்ல உங்கள் பத்திரிகையில் அதே அளவு இடம் கொடுங்கள், அவர் எடுத்தால் வழக்கின் பாதி பலம் போய்விடும். எண்ணும் நிலையத்துக்குள் யார் யார் போனார்கள் என்ற விபரத்தை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் வந்தால், எதுவாக இருந்தாலும், போடுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு குரல் பதிவை "வந்தபடி அனுப்புகிறேன்" என்று போட்டு அனுப்பினேன். எழுதியது நான் இல்லையே, எனக்கு என்ன? (கிளிநொச்சி)

உங்களுக்கும்தான் தம்பி. ஒருவர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்வதும் வெளியிடுவதுதான், "வந்தபடி" என்ற சொல் உங்களை மூடாது. சின்ன வயதில் கேட்ட கதை ஞாபகம் இருக்கும், ஒருத்தன் கறுப்பாகச் சத்தி எடுத்தான் என்றதை அடுத்தவன் காகம் மாதிரி என்று சொல்ல, ஊர் எல்லையில் போகும்போது காகமே சத்தி எடுத்தான் என்று ஆகிவிட்டது. நடுவில் நின்றவர்களில் ஒருவன் "நீ பார்த்தியா" என்று கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அதே குழுவில் "நான் அனுப்பியது பிழை, உறுதிப்படுத்தாமல் அனுப்பிவிட்டேன், அதை யாரும் அனுப்ப வேண்டாம்" என்று எழுதுங்கள். பேசாமல் அழித்துவிட்டு இருப்பதைவிட அது நல்லது.

கேள்விக்குறி போட்டு "வாக்கு களவு போனதா?" என்று தலைப்பிட்டால் சட்டம் தொடாது என்று ஒரு யூரியூப் காரர் சொன்னார், உண்மையா? (செட்டிகுளம்)

உண்மை இல்லை. வாசிக்கிற சாதாரண ஆள் அதிலிருந்து என்ன விளங்கிக்கொள்வார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். படத்தில் ஒருவரின் முகத்தைப் போட்டு வட்டம் கீறி, கீழே கேள்விக்குறி போட்டால், வட்டம்தான் பதில்.

பொய்யைத் தடுக்க இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே. அதில் முறைப்பாடு போட்டால் இலகுவாக முடிந்துவிடாதா? (பல்கலைக்கழக மாணவி, வவுனியா)

2024 ஜனவரியில் நிறைவேற்றி பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 9 ஆம் இலக்கச் சட்டம் அது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று பொய்யான கூற்று எது என்று பார்த்து அதை நீக்கச் சொல்ல வழி வைத்திருக்கிறது, சில கூற்றுகளுக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை பிள்ளை, காரணம் சொல்கிறேன். அவதூறு வழக்கில் பாதிக்கப்பட்ட ஆள் தானே வந்து நின்று, எது பொய் என்று காட்டி, மற்றவரின் கேள்விகளுக்கும் பதில் சொல்லவேண்டும். இதில் ஜனாதிபதி நியமிக்கிற ஒரு குழு பொய் எது என்று முடிவெடுக்கிறது. எழுதியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பத்திரிகையாளர் திசைநாயகத்துக்கு 2009 இல் 20 வருடம் கொடுத்த நாடு இது, யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் 2006 மே மாதம் புகுந்து இரண்டு பேரைச் சுட்டுக் கொன்ற நாடு இது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியில் இருந்து சொல்வதைக்கூட நாளைக்கு யாராவது பொய்யான கூற்று என்று முறையிட்டால் என்ன செய்வது? அரசியலமைப்பின் 15(2) ஆம் உறுப்புரை அவதூறைத் தடுக்கச் சட்டம் போட இடம் கொடுக்கிறது, அந்த இடம் போதும். மேலே எழுதிய முல்லைத்தீவு ரீச்சருக்கு நான் மாவட்ட நீதிமன்றத்தைத்தான் காட்டினேன், நேரம் பிடித்தாலும்.

மகளுக்கு முதல் தரம் தேர்தல் கடமைக் கடிதம் வந்திருக்கிறது. இந்தக் கதைகளைக் கேட்டுப் பயமாக இருக்கிறது, அனுப்பலாமா? (தாய், ஒட்டுசுட்டான்)

அனுப்புங்கள் அம்மா. அரச சேவையில் இருப்பவர் காரணமில்லாமல் மறுக்கவும் முடியாது. மகளிடம் இதை மட்டும் சொல்லி விடுங்கள்: எந்தப் பொருளையும் எண்ணாமல் வாங்கவும் வேண்டாம், எண்ணாமல் கொடுக்கவும் வேண்டாம், கொடுத்தால் கையெழுத்து வாங்க வேண்டும். எத்தனை வாக்குச்சீட்டு வந்தது, எத்தனை கொடுத்தது, எத்தனை பழுதானது, எத்தனை மிஞ்சியது என்ற வாக்குச்சீட்டுக் கணக்கை எழுதும்போது முகவர்களையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர்கள் கேட்டால் பிரதி கொடுக்கலாம், பிறகு யாராவது கதை கட்டினால் அந்த முகவர்களே சாட்சி. எண்ணும் நிலையத்தில் முதல் வேலையே பெட்டிக்குள் இருப்பதை எண்ணி அந்தக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதுதான். சாப்பாட்டுப் பையைத் தேர்தல் பொருட்களோடு சேர்த்துத் தூக்க வேண்டாம். முதல் நாள் இரவு பாடசாலையில்தான் தங்கவேண்டும், ஒரு பெட்சீற், ரோச் லைற், நுளம்புத்திரி ஒரு பெட்டி கொடுத்து விடுங்கள்.